வேலையில் மேலே போகவும் வேண்டும், உடம்பும் மனசும் தாங்கவும் வேண்டும்: நம் கடற்கரைக் கம்பெனிகளில் என்ன செய்யலாம்?

மண்டபக்காரி (மண்டபம்)

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) இன்சார்ஜ் பொறுப்பை எனக்குத் தர யோசிக்கிறார்கள், அதற்கு உணவுப் பாதுகாப்புப் படிப்பு ஒன்றை ஆன்லைனில் முடிக்க வேண்டும் என்பது முதலாவது. வெளிநாட்டில் சரக்கு எடுப்பவர்கள் தொழிலாளர் நலனைப் பற்றி ஆடிட்டில் கேட்கிறார்கள், அதனால் "நம்ம லேடீஸுக்கு ஒரு நலத்திட்டம் மாதிரி எழுதிக் குடும்மா" என்பது இரண்டாவது. யோகா தினம், மகளிர் தினப் பரிசு, வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம், இந்த அளவில் இருந்தால் போதும் என்று அவர் நினைக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குப் போதும் என்று தோன்றவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேகவைத்து ஆறிய நண்டு கூடை கூடையாக வந்து இறங்கும். குளிரூட்டிய ஹாலில் ஸ்டீல் மேசையைச் சுற்றிப் பெண்கள். தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், ரப்பர் ஏப்ரன். வளையல் கூடாது, பூ கூடாது, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, பெரிய சதையை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கீழ் கிரேடு, விலை போய்விடும். ஓட்டுத் துணுக்கு ஒன்று தப்பிப் போனாலும் கேள்வி வரும் என்பதால் நீல விளக்குக்குக் கீழே வைத்து மறுபடி தடவிப் பார்ப்போம். மதியத்துக்குள் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும். குளோரின் தண்ணீரில் முக்கி முக்கி, ஓடு கீறிய இடமெல்லாம் எரியும். கூலி கிலோ கணக்கு.

வரத்து அதிகம் என்றால் இருட்டிய பிறகும் வேலை ஓடும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு போகாது, நண்டு இல்லை, கூலியும் இல்லை. காசு வரும் நாளில் ஓய்வில்லை, ஓய்வு கிடைக்கும் நாளில் காசில்லை. இவர்களைக் கூட்டி யோகா பாய் விரித்தால் என்ன நினைப்பார்கள்?

என் விஷயமும் இதே மாதிரிதான். படிப்புக்கான வகுப்பு ராத்திரி 8 மணிக்கு. வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் பார்த்து, அதற்குப் பிறகு ஃபோனைத் திறந்து உட்கார வேண்டும். இன்சார்ஜ் ஆக எனக்கு ஆசை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் மேலே போகிறவள் எல்லோரும் தூக்கத்தை விற்றுத்தான் போக வேண்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்தத் தாளில் என்ன எழுதுவீர்கள்?

பழைய மேனேஜர் (இராமநாதபுரம்)

முதலில் வாழ்த்துகள் அம்மா. நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் துறைத் தேர்வு எழுதி, மேனேஜராக ஓய்வு பெற்றவன். என் கருத்து சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் எல்லாம் ராத்திரி உட்கார்ந்துதான் படித்தோம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இன்சார்ஜ் பதவி தேடி வருவது சாதாரணம் இல்லை. மத்திய அரசே முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் வைத்திருக்கும் மாவட்டம் இது. கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பை முடித்துவிடுங்கள். பதவிக்கு வந்த பிறகு மற்றவர்களுக்கு நல்லது செய்ய நிறைய இடம் கிடைக்கும். இப்போதே நலன், ஓய்வு என்று பேச ஆரம்பித்தால் 'இந்தப் பொண்ணு ஆரம்பத்துலயே கணக்குப் பார்க்குது' என்று எண்ணிவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

தேவிபட்டினம் சிஸ்டர் (தேவிபட்டினம்)

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் படித்த ராத்திரிகளில் அடுப்படியை யார் பார்த்துக்கொண்டது? அந்த ஆள் இந்த அக்காவுக்கு இல்லை. அதை விட்டுவிட்டு 'கொஞ்ச காலம்' என்று சொல்ல முடியாது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். கடலோரத்து மக்களுக்கு பி.பி., சர்க்கரை பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. 2021இல் உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். அது சம்பள வேலையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. சோறு வடிப்பது, தண்ணி பிடிப்பது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எதுவும் அதில் சேரவில்லை.

அப்புறம், வேலைச் சோர்வு. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு, வேலையை நினைத்தாலே வெறுப்பு, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வருவதை உலக சுகாதார அமைப்பு 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. நோய் என்று அல்ல, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்று. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். காரணம் வேலையில் இருக்கும்போது, அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார்த்தி மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்தால் பாதி மருத்துவம்கூட ஆகாது.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் 'மனசு சரியில்லை' என்று வாய் திறந்து சொல்ல எல்லோருக்கும் பயம். சொன்னால், மனநோய் என்று தர்காவுக்குக் கூட்டிப்போகும் ஏர்வாடியின் பேச்சு வந்துவிடும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் நடந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி இல்லங்களை அப்போதே மூடினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. ஆனாலும் பேச்சு மட்டும் போகவில்லை. என்னிடம் வருகிறவர்கள் 'நெஞ்சு படபடன்னு இருக்கு சிஸ்டர்', 'சாப்பாடு இறங்கலை' என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். மெதுவாகப் பேசினால்தான் வீட்டுக் கடன், சூப்பர்வைசர் திட்டியது, தூக்கம் இல்லாதது எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

உங்கள் தாளில் 14416 என்ற எண்ணை எழுதி, அதை ஹாலில் பெரிதாக ஒட்டச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022இல் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பேர் சொல்லத் தயங்கும் நம் பெண்களுக்கு இதுதான் முதல் படி. ஆனால் எண்ணை ஒட்டுவதோடு கம்பெனியின் வேலை முடிந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீழைக்காற்று (கீழக்கரை)

எல்லோருக்கும் ஸலாம். மண்டபக்காரி லாத்தா (அக்கா), கப்பல் எஞ்சினியராக இருக்கும் ஒருவன் கண்ணில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஓய்வு என்பது முதலாளியின் நல்ல மனசைப் பொறுத்தது இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் போட்ட ஒன்று இருக்கிறது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. எந்த 7 நாளை எடுத்தாலும் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தையும் துண்டு துண்டாக்க முடியாது. இரண்டு பகுதிக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு மாலுமிக்கும் தனித்தனியாக எழுதி வைத்து, அவன் கையெழுத்து வாங்கி, அவனுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் அதிகாரி ஏறினால் அந்தத் தாளைக் கேட்பார்.

இவ்வளவு கறாராக எப்படி வந்தது என்றால், தூக்கமில்லாத ஒருவன் வாட்சில் (கப்பலில் முறை வைத்துப் பார்க்கும் பணியில்) நின்றால் கப்பலே தரைதட்டும் என்று உலகத்துக்குத் தெரிந்ததால்தான். உங்கள் மேசையிலும் அதே கதைதானே? கண் சொருகினால் ஓட்டுத் துணுக்கு தப்பும், சரக்குத் திரும்பி வரும். எனவே தரக் கட்டுப்பாட்டுத் தாளில் வெப்பநிலை எழுதுவது போல ஓய்வு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஆடிட்டுக்கு வருகிறவனுக்கும் அதுதான் கண்ணில் படும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பொய்யாக நிரப்பிய ஓய்வுத் தாள்களைப் பற்றி எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆள் குறைவாக இருந்தால் தாள் மட்டும் ஓய்வெடுக்கும். அதனால் ஆள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பேசாமல் ஓய்வு பேசக் கூடாது.

படிப்பு விஷயத்தில், எங்கள் தகுதித் தேர்வுகளுக்குக் கரைக்கு வந்த பிறகுதான் கோர்ஸ். எஞ்சின் ரூமில் வாட்ச் பார்த்துக்கொண்டே பரீட்சைக்குத் தயாராகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் வாட்ச் முடிந்த அதே ராத்திரியில் வகுப்பு?

தொண்டிக் கரை (தொண்டி)

நான் முதலாளி பக்கம். சின்ன அளவில் நண்டு எடுத்து, வேகவைத்து, சதையாக்கிப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். இங்கே எழுதியிருப்பது எல்லாம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரத்து என் கையில் இல்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கப்பலுக்கு வாட்ச் நேரம் போடலாம். நண்டுக்குப் போட முடியாது. ஜூன் 15 விடிந்து மீன்பிடித் தடைக்காலம் முடிந்தால் மளமளவென்று வரும். வாடைக்காற்று அடித்தால் வலையே இறங்காது. வேகவைத்த நண்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டு வைக்க முடியுமா? சதை கெட்டால் மொத்த பேட்சும் போச்சு.

வேலை இல்லாத நாளுக்கும் முழுக்கூலி கொடு என்றால் என்னைப் போன்றவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். பெரிய கம்பெனி தாங்கலாம். நடக்கக்கூடியதாக எழுதுங்கள் தங்கச்சி, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

பாசிக்கடல் (பாம்பன்)

தொண்டி அண்ணே, கடல் நம் கையில் இல்லை என்பது சரி. ஆனால் கடலில் எத்தனை நாள் இறங்குவது என்பது எங்கள் அம்மாக்கள் கையில் இருந்தது.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் குடும்பம் எங்களுடையது. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் இருந்து பிய்த்து எடுப்பார்கள். இடுப்பில் கட்டிய பை நிறைந்தால்தான் மேலே வருவது. அதுவும் எடைக் கணக்குதான், எடுத்த அளவுக்குத்தான் காசு. ஆளாளுக்குப் போட்டி போட்டு எல்லா நாளும் இறங்கினால் பாசியும் தீரும், உடம்பும் தீரும். அதனால் அவர்களே கூடிப் பேசி மாதத்துக்கு 12 நாள்தான் என்று முடிவு செய்தார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். மீன்பிடித் தடைக்காலத்திலும் பாசி எடுப்பதில்லை. இதை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது, நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாசி வளரட்டும் என்று போட்ட கட்டுப்பாடுதான் அது. ஆனால் ஒரு பெண் இன்று இறங்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரியும் இறங்க மாட்டாள் என்ற உறுதி வந்ததே, அதுதான் பெரிய விஷயம். ஒருத்தி மட்டும் ஓய்வெடுத்தால் நஷ்டம், எல்லோரும் சேர்ந்து எடுத்தால் யாருக்கும் பின்தங்கிப்போகும் பயம் இல்லை. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணைப் பக்கம் இருப்பதும் கூடிப் பேசி வந்த முறைதானே. சண்டையைத் தீர்க்க வந்தது என்றாலும், முறை என்று ஒன்று வைத்தால் கடல்தொழிலிலும் நடக்கிறது.

ஆகவே அக்கா, தனித்தனியாக லீவு கேட்கச் சொல்லும் திட்டமாக எழுதாதீர்கள். கேட்கத் தைரியம் உள்ளவளுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். ஹாலுக்கே பொதுவான நேரம், மணி அடித்தால் எல்லோரும் எழுந்திருக்கிற மாதிரி வையுங்கள்.

அரண்மனை வாசல் (இராமநாதபுரம்)

நான் ஜவுளிக்கடையில் இருக்கிறேன். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள், ஆனால் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். அந்த ஸ்டூலில் துணி அடுக்கி வைத்திருந்தோம். இப்போது இருக்கும் கடையில் மேற்பார்வையாளர் அக்காவே கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்வார், 'வாங்கடி' என்பார். அதே சட்டம்தான், ஆள்தான் வேறு. சூப்பர்வைசர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள் என்று எழுதுங்கள்.

உச்சிப்புளி ராத்திரி ஷிப்ட் (உச்சிப்புளி)

சென்னையில் ஐ.டி.யில் இருந்துவிட்டு இப்போது ஊரில் இருந்தே அமெரிக்க கிளையண்டுக்கு வேலை செய்கிறேன். நண்டு கம்பெனிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய மேனேஜர் ஐயா சொன்ன 'பதவிக்கு வந்த பிறகு' என்ற வார்த்தைக்குத்தான் வருகிறேன்.

லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஆய்வில் தலைகீழாக வந்தது. கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் மேல்நிலை அதிகாரிகளைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. சிகரெட், பி.பி. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. பின்னால் 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் இரண்டாவது சுற்று நடத்தினார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்குக் குறைவோ, அவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது.

இதில் இருந்து எனக்குப் புரிவது: வளர்ச்சியும் நலனும் எதிரிகள் இல்லை. முடிவெடுக்கும் உரிமையோடு வரும் ப்ரமோஷன் உடம்புக்கும் நல்லது. பொறுப்பு மட்டும் ஏறி, உரிமை ஏறாத ப்ரமோஷன்தான் ஆளைக் கொல்லும். என் டீமில் 'லீட்' என்று பெயர் வைத்து, டார்கெட்டை மட்டும் தலையில் கட்டிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

அதனால் இன்சார்ஜ் பதவியை ஏற்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள் அக்கா. தரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று நான் சொல்லலாமா? ஒருத்திக்கு லீவு கொடுக்க என் கையெழுத்து போதுமா? ஆடிட்டில் குறை வந்தால் பதில் சொல்வது மட்டும் நானா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பெயரும் ஐ.டி. கார்டும் மட்டும் மாறுகிறது என்றால் சம்பளம் எவ்வளவு கூடினாலும் இரண்டு தடவை யோசியுங்கள்.

கம்பெனி வாட்ஸ்அப் குழு இருந்தால் அதைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி 8 மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் காலையில் பதில் போட்டால் போதும், அவசரம் என்றால் ஃபோன் பண்ண வேண்டும் என்று வையுங்கள். எங்கள் டீமிலும், ஷிப்டுக்கு ஏற்ப நேரத்தை மட்டும் மாற்றி, இதே வழக்கம் வைத்திருக்கிறோம். ஃபோன் பண்ண வேண்டும் என்றதுமே பாதி அவசரங்கள் காணாமல் போயின.

மண்டபக்காரி (மண்டபம்)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்து, ஹாலில் மூத்த அக்காக்கள் சிலரிடமும் பேசிவிட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இப்போதைக்கு இப்படி இருக்கிறது.

வரத்து அதிகமான நாளில் மொத்தப் பேரையும் காலை முதல் ராத்திரி வரை வைக்காமல், இரண்டு பேட்சாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வருவதற்குள் 10 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதைக் கீழைக்காற்று தம்பி சொன்ன மாதிரி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் தொழிலாளிதான் என்பதால், வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டினால் சட்டப்படி இரட்டிப்புக் கணக்கு. இப்போது அது எப்படிப் போடப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி தாள் ஒட்ட வேண்டும். மணி அடித்து ஹாலுக்கே இடைவேளை. அந்த நேரத்தில் கையை வெந்நீரில் வைக்க ஒரு தொட்டி, துடைத்துவிட்டுத் தடவ மருந்து. இது அக்காக்கள் கேட்டது. எல்லாக் கோரிக்கைகளிலும் செலவு குறைந்தது இதுதான், ஆனால் அவர்கள் முதலில் சொன்னதும் இதுதான். இத்தனை காலம் பக்கத்திலேயே நின்றும் யாரும் அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை என்று ஒரு அக்கா சொன்னார்.

தொண்டி அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. வேலை இல்லாத நாளுக்குச் சும்மா கூலி கேட்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வரும் நண்டு கொஞ்சம்தான். கூண்டு ஏற்றிய நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களில்தான் பயிற்சி வைக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் படி கொடுக்க வேண்டும். கிரேடு பிரிப்பது, வெப்பநிலைத் தாள் எழுதுவது, நீல விளக்குப் பரிசோதனை எல்லாம் மேசையில் இருக்கும் பெண்களும் கற்றுக்கொள்ளட்டும். நான் மட்டும் மேலே போய், மற்றவர்கள் வருஷக்கணக்கில் அதே மேசையில் நின்றால் அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு மேசைக்கு இரண்டு பேர் பரிசோதனை வேலை தெரிந்தவர்கள் இருந்தால், நான் லீவு போடும் நாளில் லைன் நிற்காது. எனக்கும் லீவு கிடைக்கும்.

என் படிப்புக்கு வாரத்தில் இரண்டு மதியம் வேலை நேரத்திலேயே கேட்டிருக்கிறேன். பதிவு செய்த வகுப்பை அப்போது பார்த்துக்கொள்வேன். உச்சிப்புளித் தம்பியின் கேள்விகளைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

குழந்தைகள் காப்பகம் பற்றி எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.

தேவிபட்டினம் சிஸ்டர் (தேவிபட்டினம்)

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வைக்க வேண்டும் என்பது 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. உங்களுக்கு அந்த எண்ணிக்கை இருந்தால் கோரிக்கை என்று எழுதாதீர்கள், சட்டப்படி வேண்டியது என்று எழுதுங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. போதுமான நாள் பணம் கட்டியிருந்தால் நோய் விடுப்பில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். காய்ச்சலோடு வந்து மேசையில் நிற்கும் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெந்நீர்த் தொட்டியைத் தயவுசெய்து தாளின் மேலே போடுங்கள். ஓட்டுக் கீறலில் சீழ் பிடித்து வரும் கைகளை நான் கட்டுப்போட்டு அனுப்புகிறேன்.

பழைய மேனேஜர் (இராமநாதபுரம்)

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். என் மனைவிதான் பார்த்துக்கொண்டார். அவரும் அப்போது டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

தாளைப் பற்றி ஒன்று. பதவி வாய்ப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் வேலை நேரத்தில் இரண்டு மதியம் என்பது நல்ல கோரிக்கை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மேனேஜர் கைக்குப் போகும் தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும். முதல் பத்தியில் அவருடைய நஷ்டம்: கடந்த வருடம் எத்தனை பேட்ச் கீழ் கிரேடுக்குப் போனது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், புதிதாக வந்தவர்களுக்குக் கை பழக எவ்வளவு சரக்கு வீணானது. இந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கும். இரண்டாம் பத்தியில் சட்டப்படி வேண்டியவை. மூன்றாவதில் உங்கள் யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதச் செலவு. செலவு எழுதாத யோசனையை எந்த மேனேஜரும் மேலே அனுப்ப மாட்டார், நானும் அனுப்பியதில்லை.

தொண்டிக் கரை (தொண்டி)

படிக்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெந்நீர்த் தொட்டி, மணி அடித்து இடைவேளை இரண்டும் நாளைக்கே செய்யலாம். தடைக்காலப் பயிற்சிக்குப் பாதிக்கூலி அளவில் படி கொடுக்க என்னால் முடியும், முழுசாக முடியாது. இரண்டு பேட்ச் என்பதுதான் சிரமம். என்னிடம் இருப்பதே ஒரு பேட்ச் ஆள். பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேரும் நானும் சேர்ந்து வரத்து நாளில் ஆளை மாற்றிக்கொண்டால் நடக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். பாம்பன் தங்கச்சி சொன்ன மாதிரி எல்லோரும் ஒரே நேரத்துக்கு நிறுத்தினால் என் சரக்கு மட்டும் பின்னால் போகும் பயம் எனக்கும் இல்லை. கீழைக்காற்று தம்பி, அந்த ரெஜிஸ்டர் எப்படி இருக்கும்?

கீழைக்காற்று (கீழக்கரை)

பெரிதாக ஒன்றும் இல்லை காக்கா (அண்ணே). தேதி, வந்த நேரம், இடைவேளைகள், போன நேரம், மறுநாள் வந்த நேரம், நடுவே எத்தனை மணி நேரம், கையெழுத்து. 10 மணி நேரத்துக்குக் குறைந்தால் சிவப்பு மையில் எழுதி, ஏன் குறைந்தது என்று பக்கத்தில் ஒரு வரி. ஒவ்வொருவரும் தன் வரியில் தானே கையெழுத்துப் போட வேண்டும், சூப்பர்வைசர் மொத்தமாகப் போடக் கூடாது. மாதக் கடைசியில் சிவப்பு வரிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் எந்த நாளில் ஆள் பற்றவில்லை என்று தெரிந்துவிடும். எங்கள் கப்பல் தாளைப் பார்த்து உங்களுக்குத் தோதாக ஒன்று தமிழில் வரைந்துகொண்டிருக்கிறேன், இன்று ராத்திரி இந்த இழையிலேயே போடுகிறேன். லாத்தா, இடைவேளை உங்கள் ஹாலில் எத்தனை தடவை என்று மட்டும் சொல்லுங்கள், அத்தனை கட்டம் போட வேண்டும்.